உழைத்துச் சேர்த்த பொருள் உரியவரைச் சேர

கச்சிபௌலியின் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் பணிபுரியும் தமிழ்ப் பெண்கள் தம் ஊதியத்தில் வீடு வாங்குகின்றனர், வைப்புநிதி சேர்க்கின்றனர், ஊரிலுள்ள பெற்றோரையும் தாங்குகின்றனர். தமக்குப் பின் அப்பொருள் யாரைச் சேரும் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

ஒரு வழக்கைக் கூறலாம். மணமான மூன்றே மாதங்களில் கணவரை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட பெண் ஒருவர், பிறந்த வீட்டில் தங்கிப் படித்து வேலைக்குச் சென்றார். 1996-இல் உயில் எழுதாமலே காலமானார். வங்கிக் கணக்குகளிலும் வருங்கால வைப்புநிதியிலும் இருந்த பணத்தை அவருடைய தாய் கோரினார். அது கணவரின் உறவினருக்கே உரியது என 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

காரணம், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. உயிலின்றி இறக்கும் பெண்ணின் சொந்தச் சம்பாத்தியம் முதலில் கணவருக்கும் மக்களுக்கும் செல்லும். அவர்கள் இல்லையெனில் கணவரின் வாரிசுகளுக்கு. அதன் பின்னரே பெற்றோருக்கு. ஆண் இறந்தாலோ, அவருடைய தாய் மனைவி மக்களோடு சமபங்கு பெறுவார். பெண்கள் தாமதமின்றி உயில் எழுதிவைக்க வேண்டுமென 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே கேட்டுக்கொண்டது.

கணக்கில் நியமனதாரரைக் குறிப்பிட்டிருப்பதே போதும் எனச் சிலர் கருதுகின்றனர். நியமனதாரர் வங்கியிலிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். அதனாலேயே அவர் அதன் உரிமையாளர் ஆகிவிடமாட்டார்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை; பதிவும் கட்டாயமன்று. குறைந்தது இருவர் சாட்சிக் கையொப்பமிட வேண்டும். இவ்வளவு எளிதாயின் வழக்கறிஞர் எதற்கு? ஊரில் பூர்விக நிலம், கச்சிபௌலியில் கடன் நிலுவையுள்ள அடுக்குமாடி வீடு, கணவருடன் கூட்டுக் கணக்கு என்றிருப்பவர், எதில் எவ்வளவு தமது என்பதை முதலில் அறிய வேண்டும். சாட்சிகளில் ஒருவரேனும் பிற்காலத்தில் நீதிமன்றம் வந்து சான்றளிக்கக் கூடியவராக இருப்பது நலம். உயிலில் ஐயம் எழும் நாளில் விளக்கம் கூற அதை எழுதியவர் இருக்கமாட்டார். ஆகவே எழுதும்போதே சட்டம் அறிந்தவரின் துணையை நாடுவது, பிற்கால வழக்குச் செலவைவிடச் சிக்கனமானது.

"எங்களுக்கு என்ன எழுதி வைத்தாய்?" என்று பெற்றோர் கேட்கமாட்டார்கள். கேளாமலே நாம் செய்ய வேண்டிய கடமை இது.