மலைமரமும் நாட்டுச் சட்டமும்

அருவங்காட்டிலும் கேத்தியிலும் வாழ்வோர் 2009 நவம்பரை மறந்திருக்க மாட்டார்கள். அடைமழையில் மண் சரிந்து, நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் மவுத்தாயினர். சரிவின் மண்ணைப் பிடித்து நிறுத்துவது மரத்தின் வேர். அம்மரத்தைக் காக்கும் சட்டமோ 1955 முதலே இருக்கிறது. சொந்தப் பட்டா நிலமாயினும், மாவட்டக் குழுவின் அனுமதியின்றி மரம் வெட்டலாகாது. நம்மில் எத்தனை பேர் இதனை அறிவோம்?

மரத்துக்குச் சட்டம் என்பது நமக்குப் புதிதன்று. மதீனாவைப் புனித எல்லையாக்கிய பெருமானார் (ஸல்) அவர்கள், அங்கே மரம் வெட்டுவதைத் தடுத்தார்கள். மார்க்கச் சட்டத்தை ஓதி அறிகின்ற நாம், நாட்டுச் சட்டத்தை மட்டும் வக்கீல்களுக்கே விட்டுவிட்டோம்.

கூடலூர்க் காடு அழிவதைக் கண்ட நிலம்பூர்க் கோவிலகத்துக் கோதவர்மன் திருமுல்பாட், 1995-இல் உச்ச நீதிமன்றப் படியேறினார். 1996 டிசம்பர் 12-இல் பிறந்த ஆணை, உடைமை யாருடையதாயினும் காடு காடே என்றுரைத்து, 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தை அவை அனைத்துக்கும் பொருந்தச் செய்தது. தனி ஒருவர் தொடுத்த வழக்கு!

ஜமாஅத் நிர்வாகிகள் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒரு ஜுமுஆவுக்குப் பின் விளக்கிச் சொல்லட்டும். மரம் வீழும் ஓசை கேட்டால், அனுமதி எங்கே என்று வினவும் துணிவு அதனால் வரும். பள்ளிவாசல் கட்டடத்துக்காக நாமே வெட்டும் மரத்துக்கும் அவ்வனுமதி வேண்டும்; அதனை முதலில் கேட்க வேண்டியவர் முத்தவல்லியே.