பறிபோன பெயர்

பேய்ப் படத்தில் என்ன அரசியல் என்று கேலி பேசுகிறார்கள் சிலர். அவர்களுக்கே இதைச் சொல்கிறோம்.

1972-இல் அமெரிக்காவில் 'பிளாக்குலா' வெளிவந்தது. ரத்தம் குடிக்கும் டிராகுலா கதைதான். நாயகன் மட்டும் கறுப்பர். மேடையில் ஒத்தெல்லோவாக நடித்துப் பேர் வாங்கிய வில்லியம் மார்ஷல், முதலாளிகள் நீட்டிய கதையை அப்படியே ஏற்கவில்லை. தன் பாத்திரம் ஆப்பிரிக்க இளவரசனாக இருக்க வேண்டுமென்று வாதாடினார். கூலி வாங்குகிறவன் கதையையும் திருத்தலாம் அல்லவா?

இளவரசன் மாமுவால்டே 1780-இல் அடிமை வியாபாரத்தை ஒழிக்க ஆதரவு கேட்டு டிராகுலாவின் கோட்டைக்குப் போகிறான். பிரபு என்ன செய்தான்? அவன் மனைவியை இழிவாகப் பேசினான். அவன் கழுத்தைக் கடித்தான். தன் பெயரையே திரித்துப் 'பிளாக்குலா' என்று சூட்டிப் பெட்டியில் பூட்டினான். ரத்தமும் போயிற்று, பெயரும் போயிற்று! அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகளுக்கு நடந்ததும் இதுதானே? முகத்தில் ஒட்டிய ரோமம் சிரிப்பூட்டுகிறது, ஒப்புக்கொள்கிறோம். மார்ஷலின் குரல் சிரிக்க விடாது.

1973-இல் பில் கன் இயக்க, டுவேன் ஜோன்ஸ் நாயகனாக நடித்த 'கஞ்சா அண்டு ஹெஸ்' வந்தது. கேன் விழாவில் காட்டிய படம். இவர்கள் கேட்டது மலிவுப் பேய்ப்படம், கிடைத்தது கலை. பொறுப்பார்களா வியாபாரிகள்? வெட்டிச் சிதைத்து, வேறு பெயரில் ஓட்டினார்கள். மூலப் பிரதியொன்று நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகத்தில் தப்பியிருந்தது. முழுப் படம் இன்று பார்க்கக் கிடைப்பது அதனால்தான்.