டேப்பட் சத்தம் இருக்கட்டும்

சாரல் சீசன் நெருங்குகிறது. தென்காசி, குற்றாலம் பக்கம் பழைய அம்பாசடரை விடாமல் வைத்திருப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறோம். பேரப்பிள்ளைகள் வந்தால் ஐந்தருவிக்கும், செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக்கும் வண்டியை எடுக்க வேண்டும். அதற்கு முன் ஒர்க்‌ஷாப்பில் விடும்போது நம்மவர்கள் முதலில் சொல்வது, "தம்பி, டேப்பட் சத்தம் கேக்குது, இல்லாம பண்ணிரு." இப்படிச் சொல்லவே கூடாது என்பது என் கட்சி.

அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜின் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்தது. எட்டு வால்வுகள். ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது 0.38 மி.மீ., இடைவெளி இருக்க வேண்டும். சூட்டில் உலோகம் நீளும் என்பதற்காக விட்ட இடம் அது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இந்த இடைவெளிக்கும் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் ஒரே சொல்தான்.

இடைவெளியைக் குறைத்தால் சத்தம் அடங்கும், உண்மைதான். ஆனால் வால்வு முழுசாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் இறக்கி வைப்பது, மூடி சீட்டில் உட்காரும் நேரத்தில்தான். உட்கார விடாவிட்டால் விளிம்பு எரிந்துபோகும். கம்ப்ரஷன் போய், மலை ஏற்றத்தில் வண்டி திணறும். பிறகு ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

இன்னொன்று. 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. நம் நுரையீரலுக்கு நல்லது. ஆனால் பழைய என்ஜின்களில் வால்வு சீட்டுக்கு அந்த ஈயமே காவல். கெட்டியான சீட் போடாத ஹெட்டில் சீட் தேய்ந்து, எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். இடைவெளி தானாகக் குறையும். யாரும் கை வைக்காமலே என்ஜின் அமைதியாகிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள், திறந்து பாருங்கள்.

இடைவெளி கூடினாலும் தப்புதான். வால்வு போதுமான அளவு திறக்காது, ராக்கரும் தேயும். ஆகவே காதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் ஃபீலர் கேஜை வைத்துச் சொல்ல வேண்டும். எட்டாவது வால்வு முழுதும் அமுங்கி நிற்கும்போது முதல் வால்வைச் சரிபார்க்க வேண்டும். ஏழாவது அமுங்கும்போது இரண்டாவதை. இரண்டையும் கூட்டினால் எப்போதும் 9. கணக்கு எழுதியே காலம் தள்ளிய எனக்கு இந்தக் கூட்டல் மிகவும் பிடிக்கும். கேஜ் லேசாகப் பிடித்து நழுவினால் சரி. சூட்டில் பார்ப்பதா, ஆறிய பிறகா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உத்தரபாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. இப்போதைய கார்கள் பலவற்றில் இந்த இடைவெளியை எண்ணெய் அழுத்தமே பார்த்துக்கொள்கிறது. இளம் மெக்கானிக்குகளுக்கு இது பழக்கமில்லை என்றால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாம்தான் பக்கத்தில் நின்று, "கேஜ் போட்டுப் பாருப்பா" என்று சொல்ல வேண்டும். உங்கள் என்ஜினுக்குரிய அளவை பானட்டின் உள்பக்கம் பெயின்டில் எழுதியும் வையுங்கள். நாளைக்கு வண்டி பேரன் கைக்குப் போனால் அவனுக்கு உதவும்.