சுவர் என்னும் சொல்

பாலைவனத்தைப் படையெடுத்து வரும் பகைவனாகவும், மரங்களை அதைத் தடுக்கும் கோட்டைச் சுவராகவும் உருவகிக்கும் பழக்கத்தை நாம் கைவிட்டாக வேண்டும். உருவகம் பிழைத்தால் திட்டமும் பிழைக்கிறது. ஆப்பிரிக்காவின் 'பெரும் பசுஞ்சுவர்' இதற்குச் சான்று.

2007இல் ஆப்பிரிக்க ஒன்றியம் இதைத் தொடங்கியபோது, செனகல் முதல் ஜிபூட்டி வரை, 15 கிலோமீட்டர் அகலத்தில் நீளும் மரப்பட்டை ஒன்றே பலரின் கற்பனையில் இருந்தது. வரைபடத்தில் பச்சைக் கோடு இழுப்பது எளிது. ஆனால், கோடு இழுத்த இடத்தில் மழை பெய்யவேண்டும் என்ற கட்டாயம் சஹேலின் வானத்துக்கு இல்லை. நட்ட கன்றைக் காக்க அருகில் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு அம்மரத்தில் உரிமை வேண்டும். 2030க்குள் 10 கோடி ஹெக்டேர் நிலத்தை மீட்பது இலக்கு. 2020இல் வெளியான ஐ.நா. மதிப்பீட்டின்படி, திட்டத்துக்கென வரையறுத்த பகுதிகளில் மீட்கப்பட்டது ஏறத்தாழ 40 லட்சம் ஹெக்டேர் மட்டுமே.

பணம் போதவில்லை என்று சொல்லப்படுகிறது. அப்படியானால் நைஜரில் நடந்ததை எப்படி விளக்குவது? 1980களில் மராடி பகுதியில் கன்று நட்டுத் தோற்ற ஆஸ்திரேலியர் டோனி ரினாடோ, வயல்களில் புதரென வெட்டப்பட்டு வந்தவை மண்ணுக்கடியில் உயிரோடிருக்கும் மரத்தூர்களின் துளிர்கள் என்பதைக் கண்டுகொண்டார். உழவர்கள் அத்துளிர்களில் சிலவற்றை விட்டுவைத்துக் கவாத்து செய்தார்கள். அவ்வளவுதான். ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேர் வயல்வெளி மரம் சூழ்ந்ததாயிற்று. மழைக்காலத்தில் இலையுதிர்த்துக் கம்புப் பயிருக்கு வெயிலை விட்டுக்கொடுக்கும் 'காவோ' மரம் அங்கே மீண்டும் தழைத்தது.

இதில் தொழில்நுட்பத்தை மட்டும் காண்பவர்கள் பாதியையே காண்கிறார்கள். பிரெஞ்சு ஆட்சிக்கால மரபில் வந்த சட்டம் மரங்களை அரசின் உடைமையாக்கியிருந்தது. தன் வயலில் நின்ற மரத்தையே வெட்டினால் உழவனுக்குத் தண்டம். பிறகு அவன் ஏன் வளர்க்கப் போகிறான்? அந்தப் பிடி நடைமுறையில் தளர்ந்த பிறகே மரம் அவனுடையதாயிற்று, நிலமும் பசுமையாயிற்று.

சீனாவைக் காட்டி நம்மை மறுக்கலாம். 1978இல் தொடங்கிய அதன் வடபுலத் திட்டம் 2050 வரை நீள்வது. 2024இல் தக்லமக்கானைச் சுற்றி 3,046 கிலோமீட்டர் பசுமை வளையம் முழுமையடைந்தது. அந்தச் சாதனையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அங்கும், ஒரே இனமாக நடப்பட்ட பாப்லர் மரங்கள் வண்டுகளுக்குப் பெருமளவில் இரையாயின.

எந்த மரம் என்ற கேள்வியும் சிறியதன்று. 1980களில் கென்யாவின் பரிங்கோவில் வறண்ட நிலத்தைக் காக்கக் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலம், மேய்ச்சல் நிலத்தையே விழுங்கியது. இராமநாதபுரத்தை அறிந்த நமக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, எத்தனை கோடிக் கன்றுகள் என்ற அறிவிப்புக்குக் கைதட்டுவதை நிறுத்துவோம். ஐந்தாண்டு கழித்து எத்தனை உயிரோடிருக்கின்றன, அவை யாருக்குச் சொந்தம் என்று கேட்போம். இரண்டாம் கேள்விக்கு விடையில்லாத திட்டத்தில் முதற்கேள்விக்கும் நல்ல விடை கிடைக்கப்போவதில்லை.