சீட்டு ரூல் தெரியும்... சேரும் ரூல் தெரியுமா? ஆன்-லைன் ரம்மியில் பணம் போன வழி!

சென்னை,

தாம்பரத்தில் இருந்து பீச் போகும் மின்சார ரெயிலில் ஒரு காலத்தில் அந்தக் காட்சி சர்வ சாதாரணம். எதிரும் புதிருமாக நாலு பேர். நடுவில் முழங்கால் மேல் ஒரு பிரீப்கேஸ். அதன் மேல் சீட்டுக்கட்டு. பார்க் ஸ்டேஷன் வந்தால் ஆட்டம் கலைந்து விடும். ஜெயித்தவரும் இறங்க வேண்டும், தோற்றவரும் இறங்க வேண்டும். ஆபீசில் கையெழுத்துப் போடும் நேரம் யாருக்காகவும் காத்திருக்காது.

அந்தச் சீட்டுக்கட்டு பிறகு செல்போனுக்குள் போனது. அதே 13 சீட்டு, அதே ஜோக்கர். ஆனால் போனில் இறங்குகிற ஸ்டேஷன் கிடையாது! ராத்திரி 2 மணிக்கும் எதிரே உட்கார ஆள் இருந்தது. "விட்டதைப் பிடிச்சுட்டுப் படுக்கலாம்" என்று உட்கார்ந்தவர்கள் விடிந்த பிறகுதான் தலையை நிமிர்த்தினார்கள். சம்பளத்தை விட்டவர், கடை முதலை விட்டவர், மனைவி நகையை அடகு வைத்தவர் என்று ஊருக்கு ஊர் கதை உண்டு. கடன் தாங்காமல் உயிரை விட்டவர்களும் உண்டு.

காசு வைத்து ஆடும் ஆன்-லைன் ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் போட்டுத் தடை விதித்தது. அதோடு கதை முடிந்தது என்று சொல்ல முடியவில்லை. தடை வருவதற்கு முன் இத்தனை பேர் எப்படி மாட்டினார்கள்? அதைத் தெரிந்து கொண்டால்தான் நாளைக்கு வேறு பெயரில் வரும் அழைப்பைக் கண்டுபிடிக்க முடியும்.

ஆட்ட ரூல்... அது சின்னது!

ரம்மி ரூல் தெரியாத ஆள் நம் ஊரில் குறைவு. ஆளுக்கு 13 சீட்டு. குறைந்தது இரண்டு வரிசை சேர வேண்டும். அதில் ஒன்று ஜோக்கர் இல்லாத ஒரிஜினல் ரம்மி. அது சேராவிட்டால் கையில் உள்ள அத்தனை சீட்டும் கணக்கில் ஏறும். ராஜா, ராணி, ஜாக்கி, ஆசு எல்லாம் ஆளுக்குப் பத்து. எவ்வளவு ஏறினாலும் 80 பாயிண்டோடு நின்று விடும்.

சீட்டு சரியில்லை என்றால் எடுத்த எடுப்பிலேயே கவிழ்த்து விடலாம். அதற்கு 20 பாயிண்ட். பாதியில் கவிழ்த்தால் 40. சேராத சீட்டைச் சேர்ந்ததாகக் காட்டி மாட்டினால் முழுசாக 80.

போனில் வந்ததும் இதோடு ஒரு கடிகாரம் சேர்ந்து கொண்டது. இத்தனை வினாடிக்குள் சீட்டை எடுத்துப் போட வேண்டும். சிக்னல் போனாலும் கடிகாரம் நிற்காது. ஓடும் ரெயிலில் உட்கார்ந்து ஆடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்!

சேரும் ரூல்... அதுதான் பெரிசு!

இது யாரும் படிக்காத ரூல். பக்கம் பக்கமாக இருக்கும். கீழே ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரு 'டிக்' போட்டால் போதும், எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று அர்த்தம். வாடகை வீட்டுப் பத்திரத்தை இரண்டு தடவை படித்துப் பார்க்கிற குமாஸ்தாகூட இதைப் படித்ததில்லை.

18 வயது ஆகியிருக்க வேண்டும், ஒருவருக்கு ஒரே கணக்குதான், ஜெயித்த பணத்தை எடுக்க பான் கார்டு வேண்டும் என்று வரிசையாக இருக்கும். 2017-ல் தெலுங்கானாவும் 2020-ல் ஆந்திராவும் காசு ஆட்டத்துக்குத் தடை போட்டதால், அந்த ஊர்க்காரர்கள் சேரக் கூடாது என்றும் ஒரு வரி இருக்கும்.

எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு வரி. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயித்த தொகையில் கம்பெனி தன் பங்கைப் பிடித்துக் கொள்ளும். விஷயமே இந்த வரியில்தான் இருக்கிறது!

ஒரு சின்னக் கணக்கு. பெட்டிக்கடைக்காரர் பேப்பர் பென்சில் இல்லாமலே போட்டு விடுவார்.

பாயிண்டுக்கு ஒரு ரூபாய். 80 ரூபாய் கட்டி இரண்டு பேர் உட்காருகிறார்கள். முதல் ஆட்டத்தில் ஒருவர் 45 பாயிண்டில் தோற்கிறார். அவர் பணம் 45 ரூபாய் போச்சு. கம்பெனி பங்கு நூற்றுக்குப் பத்து என்று வைத்துக் கொண்டால், ஜெயித்தவருக்குக் கிடைப்பது 40 ரூபாய் 50 காசு. அடுத்த ஆட்டத்தில் தோற்றவர் அதே 45 பாயிண்டுக்கு ஜெயித்து விடுகிறார். சரிக்குச் சரி. விட்டதைப் பிடித்தாகி விட்டது என்று அவர் நினைப்பார். ஆனால் இரண்டு பேர் கையிலும் நாலரை ரூபாய் குறைந்திருக்கும்!

இப்படியே மாற்றி மாற்றி 40 ஆட்டம் போட்டால் என்ன ஆகும்? யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் ஆளுக்கு 90 ரூபாய் அவுட். கொண்டு வந்த 80 ரூபாய் காலியாகி, மேலே பத்து ரூபாய் போட வேண்டி வந்திருக்கும். மொத்தம் 180 ரூபாய் கம்பெனிக்கு. பக்கத்து வீட்டுக்காரன் ஜெயித்தான் என்று பொறாமைப்படவும் வழியில்லை.

இதில் பாயிண்டு 10 ரூபாய் மேஜையும் உண்டு. பூஜ்யத்தைச் சேர்த்துக் கொள்ள வேண்டியதுதான்.

போதாக்குறைக்கு வரி. 2023 ஏப்ரல் முதல் ஜெயித்த நிகரத் தொகையில் நூற்றுக்கு 30 வருமான வரியாகப் பிடிக்கப்பட்டது. அதே வருஷம் அக்டோபரில் இருந்து, கட்டும் பணத்தின் மேல் 28 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. இத்தனை பேர் கை வைத்த பிறகும் பாக்கெட்டில் மிச்சம் இருந்தால் அவர் கெட்டிக்காரர்தான்.

1967 தீர்ப்பில் மறந்த பாதி!

கோர்ட்டுகளில் இத்தனை வருஷமாக நடந்த சண்டையே வேறு. ரம்மி திறமையா, அதிர்ஷ்டமா என்பதுதான் வக்கீல்களின் வாதம்.

செகந்தராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. மூணு சீட்டு மாதிரி ரம்மி வெறும் அதிர்ஷ்டம் அல்ல. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக் கொள்வது, எதைப் போடுவது என்று யோசிக்க வேண்டும். ஆகவே இது பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று கோர்ட்டு சொன்னது. ஆன்-லைன் கம்பெனிகள் பிறகு கையில் பிடித்துக் கொண்டு நின்றது இந்தத் தீர்ப்பைத்தான்.

ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு பேச்சும் இருக்கிறது. பில்லியர்ட்சுக்கும் டென்னிசுக்கும் வாங்குவது போல சீட்டுக்கு நியாயமான கட்டணம் வாங்கினால் தப்பில்லை. ஆனால் காசு வைத்து ஆடும் ஆட்டத்தில் இருந்து கிளப் நடத்துகிறவர் லாபம் அடிக்கிறார் என்று ஆதாரம் இருந்தால் குற்றம் ஆகலாம் என்றும் சொல்லியிருக்கிறது.

முதல் பாதியை ஊரே மனப்பாடம் செய்தது. இரண்டாவது பாதியைப் பற்றிப் பேச்சு குறைவு. ஆடுகிறவனுக்குத் திறமை இருக்கிறதா என்று 50 வருஷத்துக்கு மேல் கேட்டார்களே தவிர, மேஜை போட்டவனுக்கு எவ்வளவு என்ற கேள்வி பின்னாலேயே நின்றது. திறமைசாலி இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தாலும் அந்த நாலரை ரூபாய் போகத்தானே செய்கிறது!

தடை... ரத்து... மறுபடி தடை!

இன்னொரு வேடிக்கை. சீட்டு விளையாடியதாக ஒருவர் மேல் போட்ட போலீஸ் கேஸ் 2020 ஜூலையில் மதுரை ஐகோர்ட்டு கிளைக்கு வந்தது. அந்த வழக்கில்தான் நீதிபதி ஆன்-லைன் ரம்மியைக் கட்டுப்படுத்த ஏற்பாடு வேண்டும் என்று சொன்னார். வெளியில் நாலு பேர் சீட்டுப் போட்டால் கேஸ். போனில் லட்சக்கணக்கானவர்கள் போட்டால் விளம்பரம்! அதுதான் அன்றைய நிலைமை.

அதே வருஷம் நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டது. 2021-ல் அது சட்டசபைச் சட்டம் ஆனது. அந்த ஆகஸ்டிலேயே சென்னை ஐகோர்ட்டு அதை ரத்து செய்து விட்டது. ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் 2022-ல் கமிட்டி போட்டு, அறிக்கை வாங்கி, மறுபடி சட்டம் கொண்டு வந்தார்கள். கவர்னர் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். சட்டசபை மறுபடி நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் கையெழுத்து கிடைத்தது.

நவம்பரில் மறுபடி ஐகோர்ட்டு! சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றை அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியலில் சேர்த்தது செல்லாது என்று தீர்ப்பு. நேரத்துக்குக் கட்டுப்பாடு, வயசுக்குக் கட்டுப்பாடு என்று விதி போட்டுக் கொள்ளலாம் என்று கோர்ட்டு வழி விட்டது.

2025 பிப்ரவரியில் வந்தது அந்த விதிதான். இத்தனை வருஷத்தில் ஆடுகிறவனின் ராத்திரியைப் பற்றி யோசித்த ரூல் அது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை காசு ஆட்டத்துக்குள் நுழையக் கூடாது. 18 வயதுக்குக் கீழே சேர்க்கக் கூடாது. சேரும்போது ஆதார் எண்ணைச் சரி பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால், எவ்வளவு நேரம் ஆச்சு, எவ்வளவு பணம் போச்சு என்று அரை மணிக்கு ஒரு தடவை திரையில் காட்ட வேண்டும். பணம் கட்ட தினசரி, வார, மாத வரம்பு வைக்க வேண்டும்.

வீட்டில் அம்மா சொல்ல வேண்டியதை கவர்ன்மெண்டு சொல்கிறதே என்று கேட்கலாம். கம்பெனிகளும் கிட்டத்தட்ட அதைத்தான் கேட்டன. திறமை ஆட்டம் என்றால் ராத்திரியில் ஆடினால் என்ன என்று வழக்கு. 2025 ஜூன் 3-ந் தேதி, ஜனங்களின் உடல் நலத்தைக் காக்க அரசுக்கு அதிகாரம் உண்டு, விதி செல்லும் என்று ஐகோர்ட்டு சொல்லி விட்டது.

அந்த விதி நன்றாக வேலை செய்ததா என்று பார்க்க மூணு மாசம்கூடக் கிடைக்கவில்லை. டெல்லியில் வேறு காற்று அடித்தது.

'திறமை' வாதத்துக்குப் பூட்டு!

ஆகஸ்டு 20-ந் தேதி லோக்சபா, 21-ந் தேதி ராஜ்யசபா, 22-ந் தேதி ஜனாதிபதி கையெழுத்து. மூணே நாள்! திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி, அதற்குப் பதில் பணம் ஜெயிக்கலாம் என்று ஆடினால் அது காசு ஆட்டம். அதை நடத்தக் கூடாது. 1967 முதல் நடந்த விவாதத்தை ஒரே வரியில் ஓரம் கட்டி விட்டார்கள்.

நடத்துகிறவருக்கு 3 வருஷம் வரை ஜெயில், ரூ.1 கோடி வரை அபராதம். பணம் கை மாற உதவும் நிறுவனத்துக்கும் அதே தண்டனை. விளம்பரம் செய்தால் 2 வருஷம், ரூ.50 லட்சம் வரை. நடிகராக இருந்தாலும் கிரிக்கெட் வீரராக இருந்தாலும் விதிவிலக்கு கிடையாது.

ஆடியவருக்குத் தண்டனை இல்லை. அவரைப் பாதிக்கப்பட்டவராகத்தான் சட்டம் பார்க்கிறது. பெரிய கம்பெனிகள் அந்த வாரமே காசு ஆட்டத்தை நிறுத்தின. கணக்கில் உள்ள பணத்தை எடுத்துக் கொள்ளலாம் என்று அறிவிப்பும் கொடுத்தன. சட்டத்தை எதிர்த்து வழக்குகளும் கிளம்பின.

'லீக்' என்று அழைத்தால்...

காசு இல்லாமல் பொழுதுபோக்குக்கு ஆடும் ஆட்டத்துக்குத் தடை இல்லை. மாசச் சந்தா கட்டி ஆடுவதும் சரிதான். அரசு அங்கீகரித்த இ-ஸ்போர்ட்ஸ் போட்டியில் நுழைவுக் கட்டணம் வாங்கலாம், ஜெயித்தவருக்குப் பரிசும் தரலாம். பந்தயம் மட்டும் கூடாது.

இந்தச் சந்து வழியாகத்தான் ஏமாற்றுக்காரன் வரப் பார்ப்பான். 'ரம்மி லீக்', 'சீட்டு சாம்பியன்' என்று போர்டு மாட்டி விட்டால் அது இ-ஸ்போர்ட்ஸ் ஆகி விடாது. ஆட்டத்துக்கு ஆட்டம் பணம் கட்டச் சொல்கிறானா? கட்டிய பணத்தில் இருந்தே ஜெயித்தவருக்குக் கொடுக்கிறானா? அப்படியானால் பெயர் என்னவாக இருந்தாலும் பழைய மேஜைதான். பணத்தைக் கம்பெனி பெயருக்கு இல்லாமல் யாரோ ஒரு தனி ஆள் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் சந்தேகமே வேண்டாம். அங்கே எதிரில் ஆடுவது ஆளா, மிஷினா என்று கேட்கவும் ஆள் இருக்காது. ஜெயித்ததாகக் காட்டி, "வரி கட்டு, பணத்தை எடுத்துக்கோ" என்பார்கள். வரி கட்டினால், அடுத்து இன்னொரு கட்டணம்.

அப்படிப் பணம் போனால் ரகசியமாக வைத்துக் கொண்டு திரும்ப ஆடி எடுக்கப் பார்ப்பதுதான் பலரும் செய்வது. உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் போட்டுச் சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க முயற்சி செய்வார்கள். நேரம் ஆக ஆக அந்த வாய்ப்பு குறையும். எண்ணை மறக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் வந்த வருஷமும் 1930-தான்!