இரண்டு ஜிகாபைட்டில் நின்றுபோன கடிதங்கள்

"தம்பி, இது திறக்குதில்லை. ஆனா உள்ளுக்கு எல்லாம் கிடக்கு எண்டு எனக்குத் தெரியும்."

இப்படிச் சொல்லிக்கொண்டுதான் அந்த அக்கா பழைய ஹாட் டிஸ்க் ஒன்றை என் மேசையில் வைத்தார். போர்க்காலத்தில் வவுனியாவில் இயங்கிய தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை செய்தவர். அலுவலகம் மூடப்பட்டபோது, எறியக் கிடந்த கணினியில் இருந்து அதைக் கழற்றி எடுத்துப் பல வருடங்களாக அலுமாரியில் துணிகளுக்கு இடையில் வைத்திருந்திருக்கிறார். 2008 செப்ரெம்பரில் தொண்டு நிறுவனங்களை வன்னியை விட்டு வெளியேறுமாறு அரசாங்கம் உத்தரவிட்ட நாட்களில் இருந்து, மெனிக் பாம் முகாம்களின் காலம் வரை அந்த அலுவலகத்துக்கு வந்த, அங்கிருந்து போன மின்னஞ்சல்கள் யாவும் ஒரே கோப்பில் இருந்தன. உறவுகளைத் தேடிய கடிதங்கள், ஸ்கான் செய்த பெயர்ப்பட்டியல்கள், படங்கள். கோப்பின் அளவு இரண்டு ஜிகாபைட். அதுதான் பிரச்சினை.

அந்த நாட்களில் பெரும்பாலான அலுவலகங்கள் மின்னஞ்சலுக்கு மைக்ரோசொப்ட் அவுட்லுக் பாவித்தன. அது எல்லா மின்னஞ்சல்களையும் பி.எஸ்.ரி. என்ற ஒரே கோப்புக்குள் போட்டு வைக்கும். 2002 வரை வந்த அவுட்லுக் பதிப்புகளில் அந்தக் கோப்பு இரண்டு ஜிகாபைட்டுக்கு மேல் வளர முடியாது. 2003 பதிப்பில் எல்லை 20 ஜிகாபைட்டாகவும், 2010 இல் 50 ஜிகாபைட்டாகவும் உயர்த்தப்பட்டது. ஆனால் புதிய அவுட்லுக்கை நிறுவினாலும் பழைய கோப்பு பழைய வடிவத்திலேயே இருக்கும். புதிய வடிவத்தில் வேறொரு கோப்பை உருவாக்கி அதற்குள் எல்லாவற்றையும் மாற்றினால்தான் எல்லை விலகும். குண்டுச் சத்தத்துக்கு நடுவே ஜெனரேற்றரில் கணினியை இயக்கிய ஓர் அலுவலகத்தில் இதை யார் பார்த்திருப்பார்கள்? கோப்பு வீங்கியது. ஒருநாள் திறக்கவில்லை.

எல்லையைத் தாண்டிய கோப்புகளுக்கென மைக்ரோசொப்ட் ஒரு சிறு கருவியை வழங்கியிருந்தது. அது கோப்பைப் பிரதியெடுத்து, அந்தப் பிரதியில் ஒரு பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் திறக்க வழி செய்யும். எந்தப் பகுதி வெட்டுப்படும் என்பதை நாம் தெரிவு செய்ய முடியாது. சாதாரண வியாபார நிலையத்துக்கு இருபது மெகாபைட் போனால் போகட்டும் என்று விடலாம். எங்கள் விடயத்தில் ஒரு முகாமின் முழுப் பெயர்ப்பட்டியலும் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். அதனால் வெட்டுவதைக் கடைசி வழியாக வைத்தேன்.

முதலில் டிஸ்க்கை முழுமையாகப் பிரதியெடுத்தேன். மூலத்தை எழுத முடியாதபடி பூட்டி வைத்துவிட்டு, பிரதியில் மட்டும் வேலை செய்தேன். அவுட்லுக்கோடு சேர்ந்து வரும் ஸ்கான்பிஎஸ்ரி என்ற திருத்தும் கருவியை மூன்று நான்கு தடவைகள் ஓடவிட வேண்டியிருந்தது. இந்தக் கருவி தன்னால் சரிசெய்ய முடியாத துண்டுகளைத் தூக்கி எறியக்கூடியது. மூலக் கோப்பின் மீதே அதை ஓடவிட்டு, உள்ளதையும் இழந்தவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்று: இடம் போதாதென்று பழைய மின்னஞ்சல்களை அழிப்பதால் கோப்பு உடனே சிறுக்காது. அழித்தவை சுருக்கும் வரை உள்ளே கிடக்கும், சிலவேளை மீட்கவும் முடியும். ஆகவே பிரதியெடுக்கும் முன் "கொம்பக்ட்" என்பதை அழுத்தவே கூடாது.

மின்னஞ்சல்களில் கணிசமானவை வந்தன. பல, எந்த உறையில் இருந்தன என்ற விபரம் இல்லாமல் 'லொஸ்ட் அன்ட் பவுண்ட்' என்ற பெயரில் குவிந்தன. காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் கடிதங்கள் அந்தத் தலைப்பின் கீழ் வந்து கிடந்ததைப் பார்த்து அக்கா ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார்.

அவர் தேடிய மின்னஞ்சல் கிடைத்தது. 2009 இன் நடுப்பகுதியில் ஓர் அரச அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது. அனுப்பியவர், பெற்றவர், திகதி, நேரம் எல்லாம் இருந்தன. இணைப்பாகப் போன பெயர்ப்பட்டியலின் பெயரும் இருந்தது. பட்டியல் மட்டும் வெறுமை. அந்தப் பகுதி சிதைந்துவிட்டது.

அக்கா சோர்ந்துபோனார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மின்னஞ்சலுக்கு இரண்டு முனைகள் உண்டு. இந்த முனையில் சிதைந்தது மறுமுனையில் இருக்கலாம். எந்த அலுவலகத்துக்கு, எந்த நாளில், எந்தப் பெயரில் அந்தப் பட்டியல் போனது என்பதை இப்போது துல்லியமாகச் சொல்லிக் கேட்க முடியும். "அப்படி எதுவும் எமக்குக் கிடைக்கவில்லை" என்ற பழகிப்போன பதிலை இனி அவ்வளவு இலகுவாகச் சொல்ல முடியாது.

ஆனால் மறுமுனையின் நிலை என்ன? 2023 ஓகஸ்ட்டில் அரசாங்கத்தின் சொந்த மின்னஞ்சல் சேவை, கப்பம் கோரும் வைரஸ் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் தொலைந்ததை தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையமே ஒப்புக்கொண்டது. இணையத்தோடு தொடர்பில்லாத காப்புப் பிரதி அந்தக் காலத்துக்கு எடுக்கப்பட்டிருக்கவில்லை. பாவனையில் இருந்ததோ மைக்ரோசொப்ட் எக்சேஞ்சின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அமைச்சரவையின் கடிதங்களையே இப்படிப் பார்த்துக்கொண்டவர்கள், வன்னியில் இருந்து வந்த ஒரு பட்டியலை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று கேட்பது நியாயமே. 1981 இல் யாழ். பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை நாம் மறக்கவில்லை. மின்னஞ்சல்கள் அழியும்போது புகைகூட வராது.

இதைவிட அவசரமான ஒன்று சட்டத்துக்குள் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 இல் நடைமுறைக்கு வந்தது. அன்றைய தினம் அரச நிறுவனங்களிடம் ஏற்கனவே இருந்த பதிவுகளைக் குறைந்தது பத்து ஆண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும் என்கிறது அதன் 7 ஆவது பிரிவு. போர்க்காலப் பதிவுகள் இந்த வகைக்குள்தான் வருகின்றன. 2027 பெப்ரவரியில் அந்தப் பத்து ஆண்டுகள் முடிகின்றன. அதன் பிறகு எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. வைத்திருந்தே ஆகவேண்டும் என்று இந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்கும் பிடி தளரும்.

அதே பிரிவில் எமக்குச் சாதகமான ஓர் ஏற்பாடும் உண்டு. ஒரு பதிவைக் கேட்டு விண்ணப்பம் கொடுத்தால், அந்த விண்ணப்பமும் அதன் மீதான மேன்முறையீடும் முடியும் வரை அதை அழிக்க முடியாது. விண்ணப்பிப்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் வீதியோரம் போராடத் தொடங்கிய தாய்மாரின் குடும்பங்கள் ஒவ்வொன்றும், தாம் எழுதிய கடிதங்களின் திகதிகளைக் குறிப்பிட்டு இப்படிக் கேட்டால், அத்தனை பதிவுகளுக்கும் அந்தப் பாதுகாப்புக் கிடைக்கும்.

ஜெனீவாவில் 2021 மார்ச் மாதத்து 46/1 தீர்மானத்தின் பின்னர் ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் சாட்சியங்களைச் சேகரித்துப் பாதுகாத்து வருகிறது. அங்கே கொடுப்பதற்கும் மூலக் கோப்பு வேண்டும். அச்சடித்த தாளில், மின்னஞ்சல் எந்த சேர்வர்களுக்கூடாக வந்தது என்ற தலைப்பகுதித் தகவல் இருக்காது. அது இல்லாத தாளை, பின்னர் தட்டச்சு செய்தது என்று யாரும் தள்ளிவிடலாம்.

இத்தகைய கோப்புகள் வெளிநாடுகளில் இருக்கும் முன்னாள் பணியாளர்களின் வீடுகளிலும் கிடக்கின்றன. தயவுசெய்து அவற்றை இலவசமாகத் திருத்தித் தருவதாகச் சொல்லும் இணையத்தளங்களுக்கு ஏற்றாதீர்கள். தெரியாத கடைகளிலும் விட்டுவிட்டு வராதீர்கள். உள்ளே இருப்பவை உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள். திறக்காவிட்டாலும் பரவாயில்லை, கடவுச்சொல் இட்டு இரண்டு பிரதிகள் எடுத்து வெவ்வேறு வீடுகளில் வையுங்கள்.

அக்கா ஆர்.ரி.ஐ. 01 படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டார். மின்னஞ்சலின் திகதியும் நேரமும் இணைப்பின் பெயரும் அதில் அப்படியே எழுதப்பட்டிருக்கின்றன. தகவல் அலுவலர் பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். இன்று ஒன்பதாவது நாள்.