தேய்ஞ்ச பார்ட்டை அளக்காதீங்க!

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊருக்குக் கிளம்பினா பெருங்களத்தூர் வரும்ல? இப்போ அங்கே நமக்குத் தெரிஞ்சது டிராஃபிக் மட்டும்தான். ஆனா ஒரு காலத்துல அங்கே கார் செஞ்சாங்க. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' 1961 முதல் 1971 வரை வந்தது. 1988-இல் அந்தக் கம்பெனியின் கார் உற்பத்தியே நின்றுபோனது. அதே ரோட்டில் இன்னும் கீழே வந்தால் திண்டிவனம். அங்கே எங்க மாமா வீட்டு ஷெட்டில் ஒரு ஹெரால்டு நிற்கிறது. ஆறு மாசமா என் சனி, ஞாயிறு எல்லாம் அதுக்குத்தான்.

"இங்கிலாந்துல ஆர்டர் போட்டா பார்ட்ஸ் வந்துடுமே?" என்று கேட்பீங்க. பாதி சரி. இது அடிப்படையில் பிரிட்டனின் ட்ரையம்ப் ஹெரால்டு. அதோட மெக்கானிக்கல் சாமான்கள் பலதும் இன்னிக்கும் அங்கே விற்குது. ஆனா மாமாவோடது நாலு கதவு மாடல். அது இந்தியாவில் மட்டுமே வந்தது. பிரிட்டன்காரங்க செய்யாத பின்கதவுக்கு அவங்க எப்படி பார்ட் விப்பாங்க? பழைய இரும்புக் கடையில் தேடணும், இல்லன்னா நாமே செய்யணும்.

எங்க வண்டியில் பின்கதவுக் கீலோட பின் தேய்ந்து, கதவு தொங்கிப்போச்சு. நான்தான் ஃபைனல் இயர் மெக்கானிக்கல் ஆச்சே! வெர்னியரில் அளந்தேன், 7.6 மி.மீ. கம்ப்யூட்டரில் அழகா ட்ராயிங் போட்டு, விழுப்புரத்தில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன்.

அங்கிருந்த அண்ணன் ட்ராயிங்கைப் பார்த்துட்டு பின்னைக் கையில் வாங்கினார். "தம்பி, தேய்ஞ்ச இடத்தை அளந்திருக்க. இப்படியே செஞ்சா தேய்ஞ்ச பார்ட்தான் புதுசா வரும்"னார். கீலுக்குள்ளே இறுகி, உராயாமலே இருந்த நுனியை அளந்தார். 7.9. "இங்கிலீஷ் வண்டி, இன்ச்சுலதான் இருக்கும். இது 5/16." ஓவலாகிப்போன ஓட்டையையும் ரவுண்டாக்கி, பித்தளை புஷ் போட்டார். இப்போ கதவு ஒரு விரலால் தள்ளினா மூடுது.

அடுத்து முன்சக்கர ட்ரன்னியனைக் கொண்டுபோனோம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தைத் தாங்குற தண்டு இதோட மரைக்குள்ளேதான் திரும்பும். ஆயில் இல்லாம ஓட்டி மரை போயிட்டா, ஓடுற வண்டியில் சக்கரம் மடங்கிடும். அண்ணன் செய்ய மாட்டேன்னுட்டார். "இது உயிர் சம்பந்தப்பட்ட இடம். இதை வாங்கிப் போடுங்க." கையில் வந்த வேலையை அவரே வேண்டாம்னார்.

என் கருத்து இதுதான். 'ஒரிஜினல் பார்ட் இல்லன்னா அது கிளாசிக் காரே இல்லை' என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரிஜினலைச் செய்த தொழிற்சாலையே இல்லாதபோது, சரியா செஞ்ச பார்ட்தான் வண்டியைக் காப்பாத்தும். அதுக்காக எல்லாத்தையும் பட்டறையிலேயே பண்ணிக்கலாம் என்பதும் தப்பு. எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாதுன்னு பிரிக்கத் தெரியணும். நாலு வருஷம் படிச்ச எனக்கு அது தெரியலை. அந்த அண்ணனுக்குத் தெரிஞ்சது.

ஆனா அவர்கிட்ட ஒரு ட்ராயிங் கூடக் கிடையாது. எல்லாம் மனசுலயும் சிகரெட் அட்டைப் பின்பக்கத்துலயும்தான். அவர் பட்டறையை மூடினா அந்த 5/16-உம் அவரோடு போயிடும்.

இங்கேதான் நமக்கு வேலை இருக்கு. ரெடிமேட் ப்ராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்கி சப்மிட் பண்றதுக்குப் பதிலா, உங்க ஊர் பட்டறையில் ஒரே ஒரு பார்ட்டை எடுங்க. எங்கே அளந்தோம், என்ன மெட்டல், எவ்வளவு இடைவெளி விடணும், எல்லாத்தையும் அவர்கிட்ட கேட்டு எழுதுங்க. அவர் சம்மதிச்சா ட்ராயிங்கில் அவர் பேரை முதலில் போடுங்க.

நான் என் ப்ராஜெக்ட்டை மாத்திட்டேன். முதல் ஷீட் அந்தக் கீல் பின். 7.6-ஐ அடிச்சு அண்ணன் எழுதின 5/16 அப்படியே இருக்கு. அதை நான் அழிக்கப் போறதில்லை.